எடைக்கல் தண்ணீரைத் தொட்ட நாள்

மணிக்கூண்டு வீடு, சீமோன் யூதா திருநாளுக்கு மறுநாள்.

அன்பு மகள் அஃப்ராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், வலது தோள்பட்டை மட்டும் இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் முகம் பார்க்காத பேரன் லூட்ஸும் நோய்நொடி இல்லாமல் இருக்க தேவமாதாவைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தைக்கு இருமல் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தடவிக் கம்பளித் துணியைச் சுற்றி வை, உனக்கு உன் அம்மா அப்படித்தான் செய்வாள். உப்பு வண்டிக்காரன் முந்தாநாள் வந்தான். நீ சொல்லியனுப்பியதை ஒரு சொல் விடாமல் சொன்னான், அதுவும் நடுச்சந்தையில், பத்துப் பேர் காதில் விழும்படி. "காலுஸ் திருநாளன்னைக்கு அஞ்சாம் மைல் கல்லுகிட்ட இருமுற புள்ளைய மடியில வச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவருக்கு அந்தக் கடிகார இரும்புதான் மகள்னு சொல்லிடுங்க" என்றாயாமே. எனக்குக் கோபம் வரவில்லை அம்மா, கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். ஆனால் வலித்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதல் பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நீ படிக்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அவருக்காகச் சொல்கிறேன். பூட்டுக்கொல்லனாக இருந்து கடிகாரக்காரன் ஆனவன் நான். இந்த ஊர் மணிக்கூண்டில் என் கையாலேயே அடித்துப் பூட்டிய கடிகாரத்தை ஓட்டத் தொடங்கி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கயிற்றில் தொங்கும் எடைக்கல் இறங்க இறங்கச் சக்கரங்கள் சுற்றும், பதின்மூன்று மணி நேரத்தில் கல் தரையைத் தொட்டுவிடும், அதற்குள் கைப்பிடியைச் சுற்றி அதை மறுபடி உச்சிக்கு ஏற்றியாக வேண்டும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் எண்பத்திரண்டு படி. காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் இந்த வேலைக்கு ஆள் மாற்ற முடியாது, சாகும்வரை விலகவும் முடியாது. நான் வருவதற்கு முன்னால் ஒரு கலவரத்தில் யாரோ கூண்டுக்குள் புகுந்து மணியை அடித்து ஊரையே தெருவுக்கு இழுத்துவிட்டார்களாம், அன்றிலிருந்து நகரசபைக்காரர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை. கூண்டுக்கு ஒரே சாவி, சத்தியம் செய்த ஒரே கை. வேறு யாராவது தொட்டால் தொட்டவருக்கும் சாவியைக் கொடுத்தவனுக்கும் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிடுவார்கள். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று குழியை மூடி முடிப்பதற்குள் நான் கயிறு ஏற்ற ஓடினேன், நீ என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் உன் வாய். அது உன் அம்மா வாய், என்னுடையது இல்லை. மீன் மேற்பார்வை பார்க்கும் சபைக்காரர் நல்ல கெண்டையையெல்லாம் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செத்ததை ஊருக்கு விடுகிறார் என்று நீ சொன்னது பொய்யில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எல்லாரும் முணுமுணுத்தார்கள், நீ மீன் சந்தை நடுவில் நின்று கூவினாய். பத்து வருஷத்துக்கு ஊரைச் சுற்றி ஐந்து மைலுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். நம் மைலில் ஐந்து என்றால் என் காலுக்குப் பத்து மணி நேர நடை. நான் அங்கே வந்து திரும்புவதற்குள் சாயங்காலக் கயிறு தவறிப்போகும், இருட்டினால் கோட்டைவாசலையும் பூட்டிவிடுவார்கள். ஆக நீ உள்ளே வர முடியாது, நான் வெளியே போக முடியாது. நாலு வருஷம் போய்விட்டது, இன்னும் ஆறு இருக்கிறது. இந்தத் தோள் ஆறு வருஷம் தாங்காது, தோளை விடு, நானே தாங்குவேனா தெரியவில்லை. கண்ணை மூடுவதற்குள் உன்னையும் பேரனையும் ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும், எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

கட்டட வேலைகளைக் கவனிக்கும் சபைக்காரர் லீன்ஹார்ட் ஐயாவிடம் மூன்று தடவை ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். கெட்ட மனுஷர் இல்லை, சிரித்தே மறுப்பார். "எண்ட்ரெஸ், நீ போயிட்டா யாரு சுத்துறது, நானா? என் வயித்தப் பாரு, பத்தாவது படியிலேயே சிக்கிக்குவேன்" என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லுக்கு இறங்க ஆழம் இருந்தால் கடிகாரத்துக்கு ஓட நேரம் இருக்கும். கூண்டுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு குழி வெட்டிவிட்டால் பதின்மூன்று மணி நேரம் இருபத்தாறு ஆகிவிடும். விடியற்காலையில் கயிறு ஏற்றிவிட்டு உப்பு வண்டியில் கிளம்பினால் மதியம் தாண்டி ஐந்தாம் மைல் கல், சாயங்காலம் வரை உங்களோடு இருக்கலாம், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இரவெல்லாம் ஓடிவரும் மீன் வண்டியில் ஏறினால் வாசல் திறக்கும்போது ஊருக்குள் இருப்பேன். சத்தியத்தில் கடிகாரம் நிற்கக் கூடாது, வேறு கை தொடக் கூடாது என்றுதான் இருக்கிறது, நான் எங்கே தூங்க வேண்டும் என்று இல்லை. சபையில் போய், குளிர்காலத்தில் நான் படுத்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடாமல் இருக்கக் குழி நல்லது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

கிணறு வெட்டும் உட்ஸ் தவக்காலத்தில் தொடங்கி ஆனி மாதம் வரை தோண்டினான். கடைசியில் மேலே வந்து ஈரக் கையைக் காட்டினான், "மேஸ்திரி, மண்ணு வேர்க்குது, இதோட விட்டுருவோம்" என்றான். நான் கேட்கவில்லை. இன்னும் மூன்று அடி போனால்தான் எனக்கு மீன் வண்டி நேரத்துக்குச் சரியாக வரும். வெட்டு என்றேன். "உங்க குழி, உங்க இஷ்டம், நாளைக்கு என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கயிறு திரித்துக் கொடுத்தது கூண்டுக்கு எதிர் வீட்டு ஓட்டிலி, மாப்பிள்ளைக்குத் தெரியாது, கயிறு திரிக்கிறவரின் விதவை, புருஷனை விட நன்றாகத் திரிப்பாள், வாயும் அவரை விட நீளம். பழைய கயிற்றைப் போல் இரண்டு மடங்கு வேண்டும் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் சணலை முறுக்கிக்கொண்டே, "ஏண்ணே, எதுக்குன்னு நான் கேட்டேனா? அந்த அஃப்ரா புள்ளைக்கு என் பேரச் சொல்லி ஒரு முத்தம் குடுங்க போதும்" என்றாள். மாதா விண்ணேற்புத் திருநாள் சமயத்தில் ஓட்டிப் பார்த்தேன், நல்ல கோடை, குழி அடுப்படி போல் காய்ந்து கிடந்தது, இருபத்தாறு மணி நேரமும் அதற்கு மேல் கொஞ்சமும் ஓடியது. அன்றைக்குப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். காலுஸ் திருநாள் என்று உனக்கு நாள் குறித்து எழுதியது அதற்குப் பிறகுதான்.

காலுஸ் திருநாளுக்கு முன்னால் பத்து நாள் மழை, அங்கேயும் பெய்திருக்கும். எனக்குக் குழி ஞாபகமே வரவில்லை, ரொட்டி என்ன எடுக்கலாம், லூட்ஸுக்கு அடித்து வைத்த குட்டிக் குதிரையை எதில் சுற்றலாம் என்றே புத்தி ஓடியது. திருநாள் காலையில் கயிற்றை ஏற்றிவிட்டு இறங்கிவரும்போது காலில் ஒரு கூழாங்கல் இடறியது, சும்மா அதைக் குழிக்குள் உருட்டிவிட்டேன். தரையில் விழுந்த சத்தம் வரவில்லை அம்மா, தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற யாருக்கும் தெரியும், வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக வரும், வெளியே வந்த பிறகுதான் கையை இழுக்கும். கல்லும் அப்படித்தான். தண்ணீருக்குள் போனால் கனம் குறையும், கனம் குறைந்தால் சக்கரத்தை இழுக்கப் போதாது, கடிகாரம் நின்றுவிடும். நூலில் கல் கட்டி அளந்து பார்த்தேன், இருபது அடித் தண்ணீர். விடியலுக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே நின்றுவிடும் என்று கணக்கு வந்தது. நான் செய்த தப்பு, உட்ஸ் சொன்னான், நான்தான் கேட்கவில்லை.

அதற்குள் உப்பு வண்டி வாசலில் நின்று கத்துகிறது. ஓட்டிலி என் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டாள், சொன்னேன். "சாவியக் குடுங்கண்ணே, சாயங்காலம் நான் ஏத்துறேன். வாழ்நாளெல்லாம் கயிறு இழுத்த கைதானே, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு கோட்டைவாசல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, வயல் வாசனை அடித்தது, நான் சந்தோஷமாக இருந்தேன் என்று உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். ஒரு மைல் போனதும் பின்னால் மணி அடித்தது. அதைக் கேட்டதும் ஓட்டிலியின் விரல்கள் கண் முன்னால் வந்து நின்றன. கூண்டுக்கு எதிரே மதுக்கடை, சாயங்காலம் சபைச் சேவகர்கள் அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு பெண்பிள்ளை கூண்டுக்குள் போவதை அவர்கள் பார்க்காமல் இருக்க முடியுமா? விரல் போனால் அவள் எதை வைத்துக் கயிறு திரிப்பாள்? அவளுக்கு மகன் உண்டா, மகள் உண்டா? நான் இறங்கிவிட்டேன். வண்டிக்காரனிடம் உனக்குச் சொல்லச் சொல்லி எல்லாம் சொன்னேன், அவன் "வரலையாம்" என்று ஒரு வார்த்தையாகச் சுருக்கிவிட்டான் போலிருக்கிறது, அதை நம்பாமல்தான் நீ இருட்டும்வரை உட்கார்ந்திருந்திருப்பாய், கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டபோதே நினைத்தேன். என்னைப் பெரிய நல்லவன் என்று எண்ணிவிடாதே, பாதி பயம், பாதி வெட்கம்.

சேற்றில் திரும்பி நடந்துவரவே மதியம் ஆகிவிட்டது. ஓட்டிலி சாவியைத் தூக்கி என் காலடியில் போட்டாள். "மனுஷனா நீங்க? அங்க அது காத்துக் கெடக்குது, இங்க வந்து நிக்கிறீங்க, என் விரலுக்கு உங்கள யாரு காவல் போட்டது" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் கூண்டுக் கதவை உள்ளே தாழிட்டுப் படியில் உட்கார்ந்தேன், கல் தண்ணீரைத் தொடும் முன் சாயங்காலம் ஏற்றிவிடலாம், அதுவரை காலை நீட்டலாம் என்று. அவ்வளவுதான் தெரியும். எத்தனை வருஷத் தூக்கமோ, மொத்தமாக வந்து அமுக்கிவிட்டது. என்னை எழுப்பியது மணி இல்லை, மணி இல்லாததுதான். ஜன்னலில் வெளிச்சம், மேலே இரும்பு மூச்சுவிடவில்லை, கல் தண்ணீருக்குள் பேசாமல் நின்றுகொண்டிருக்கிறது. உன்னையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை, இரண்டும் கெட்டேன். வெளியே ஊர் தாறுமாறு. வாசல்காவலன் மணிக்காகக் காத்து வாசலைத் திறக்கவில்லை, பால்காரப் பெண்கள் மழையில் நின்று வசைபாடினார்கள், ரொட்டிக்காரன் அடுப்பே மூட்டவில்லை, சாமியார் பூசைக்கு ஓடிவந்ததில் செருப்பு மாறிப் போட்டிருந்தார். "என்ன எண்ட்ரெஸு, நேத்து ராத்திரிய இழுத்து நீட்டிட்டியா, என் பொண்டாட்டிக்கு ரொம்பச் சந்தோஷம்" என்று ரொட்டிக்காரன் கேலி பேசினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் சபையில் கூப்பிட்டார்கள். எழுத்தர் பழைய ஏட்டைப் புரட்டிப் படித்தார், கடிகாரக்காரனின் கவனக்குறைவால் மணி நின்றால் அவன் ஆயுள் முழுக்க ஐந்து மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். வருஷா வருஷம் சத்தியம் செய்யும்போது என் வாயாலேயே சொன்ன வார்த்தை, ஒருமுறைகூட அதை நான் காதால் கேட்டதில்லை, பயந்துகொண்டே வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவேன். அன்றைக்குக் கேட்டது. எழுத்தர் முடிப்பதற்குள் லீன்ஹார்ட் ஐயா கையை ஆட்டிவிட்டார். "விடுங்க, மழையால வந்த வினை. முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு நாள். எண்ட்ரெஸ், மன்னிச்சாச்சு, போய் கயித்த ஏத்து" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மன்னித்தால் மறுபடி அதே கயிறுதான், அந்தக் கருணைக்குப் பயந்த மாதிரி நான் தண்டனைக்குக்கூடப் பயந்திருக்க மாட்டேன் அஃப்ரா.

நான் நகரவில்லை. "ஐயா, மழை மேல பழி போடாதீங்க. தூங்கினது நான்" என்றேன். "தெரியும்யா, அதான் மன்னிச்சாச்சுங்கிறேன்ல" என்றார். "மன்னிக்கிறதுக்கு ஏட்டுல எடம் இல்லீங்களே" என்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "குடிச்சிட்டு வந்திருக்கானா பாருங்க" என்றார். வாழ்நாளில் நான் சபையில் நிமிர்ந்து பேசியதில்லை, உனக்கே தெரியும், அன்றைக்கு உன் அம்மாதான் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "என் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னதுக்கு அஞ்சு மைல் குடுத்தீங்க. நான் ஊரையே மழையில நிக்க வச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்லேன்னா அது என்ன ஞாயம்? எனக்கும் அளந்து போடுங்க" என்றேன். நான் எங்கே போகப் பார்க்கிறேன் என்று லீன்ஹார்ட் ஐயாவுக்குப் புரிந்துவிட்டது, குழி எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்திருக்கும். "எண்ட்ரெஸ், அவளுக்குப் பத்து வருஷம், உனக்கு ஆயுள் முழுக்க. அவ திரும்பி வரலாம், நீ வரவே முடியாது. பொஞ்சாதி கல்லறை இங்க இருக்கு. யோசிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார். யோசித்தேன் என்றேன். மாப்பிள்ளை முன்னால் இதைப் படிக்காதே, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அவர் எழுத்தரைப் பார்த்து, எழுது என்றார்.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள், இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள், வாசல் மூடுவதற்குள் நான் வெளியே போய்விட வேண்டும். அதுவரை கயிறு ஏற்றிக்கொண்டிருக்கிறேன், குழியில் தண்ணீருக்கு மேலே பலகை போட்டு மூடியாகிவிட்டது, பழையபடி பதின்மூன்று மணி நேரம்தான். வேறு ஊரிலிருந்து கடிகாரக்காரன் வரும்வரை ஓட்டிலிக்குச் சத்தியம் செய்து வைத்துச் சாவியைக் கொடுக்கப்போகிறார்கள், வேறு யாருக்கும் அந்தத் தெம்பு இல்லை. "ஒரு ஆம்பள வர்ற வரைக்கும்னு எழுதியிருக்காங்கண்ணே, வரட்டும், எண்பத்திரண்டு படியையும் ஏறிட்டுப் பேசச் சொல்லுங்க" என்கிறாள். உன்மேல் அவளுக்குக் கோபமில்லை, என்மேலும் தீர்ந்துவிட்டது. உன் அம்மாவிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உன் பத்து வருஷம் முடிந்ததும் நீ லூட்ஸைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், ஒன்று எனக்காக.

மைல் கல்லுகிட்ட வந்து காத்திருக்காதே அம்மா, குளிரில் குழந்தைக்கு இருமல் கூடிவிடும். நான் வழி கேட்டுக்கொண்டு மெல்ல வந்துசேர்ந்துவிடுகிறேன், இரண்டு நாள் முன்பின் ஆனாலும் இந்தத் தடவை பயப்படாதே. மாப்பிள்ளையிடம் சொல், நான் சும்மா உட்கார்ந்து சாப்பிட வரவில்லை, பூட்டு, கீல், அடுப்புக் கொக்கி எல்லாம் இன்னும் அடிக்கத் தெரியும், தோள் ஒத்துழைத்தால். அந்த ஊர் மீன் சந்தையில் வாயை அடக்கிக்கொண்டு இரு, இனிமேல் துரத்தினால் இரண்டு பேரும் எங்கே போவது. பார்லி சூப் போதும், பன்றி எல்லாம் அடிக்க வேண்டாம். ஆண்டவர் உன் வீட்டுக்குள் நோயை விடாமல், உன் அடுப்பை அணையவிடாமல், என் பேரனை நல்லபடி வளர வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் வந்து படுத்த பிறகு எத்தனை நாழிகை ஆனாலும், வெயில் முகத்தில் அடித்தாலும், யார் வந்து கேட்டாலும், என்னை எழுப்பாதே.

வந்துகொண்டிருக்கும்
உன் அப்பா
எண்ட்ரெஸ்